அடுப்படிக் கரியும் ஒருநாள் சித்தப்பாவும்

தீயை அணைக்க வண்டி வந்தால் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கும்; அணைந்த பிறகு கரியோடு மல்லுக்கட்ட வருகிறவனை மட்டும் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பிறத்தியார் வீட்டில் வேலை செய்து பிழைக்கும் என் சக பாவிகளுக்கு இது சொல்லாமலே புரியும். தீப்பிடித்த வீட்டில் கரியையும் புகை நாற்றத்தையும் போக்கி, வீட்டைப் பழையபடி ஆக்கிக் கொடுப்பது என் தொழில். திண்டுக்கல்லில் இதற்கென்று தனிப் பெயர் கிடையாது. வேலைக்குக் கூப்பிடும்போது பெயின்டர் என்பார்கள், வேலை முடிந்தபின் 'அந்தக் கரிக்காரன்' என்பார்கள். நான் பார்த்த வீடுகளில் வெங்காய மண்டி தங்கவேல் அண்ணன் வீட்டுக்குத் தனி மரியாதை கொடுத்து வைத்திருக்கிறேன். என்னை அந்த அளவுக்கு வேறு யாரும் படுத்தியதில்லை.

மூட்டையும் சுவரும்

நான் போனபோது அடுப்படி முழுக்கக் கருகிக் கிடந்தது. ஹாலும் இரண்டு அறைகளும் எரியவில்லை, ஆனால் புகை புகுந்து சுவரெல்லாம் கறுத்திருந்தது. எண்ணெய்ச் சட்டி அடுப்பின் மேலேயே இருந்தது. கேட்டால் ஸ்விட்ச் பெட்டியில் தீப்பொறி என்றார்கள். சரி, நமக்கென்ன, நாம் போலீஸா?

கரி படிந்த சுவரை முதலில் தண்ணீர் படாமல் துடைக்க வேண்டும். பட்டால் கரி மையாகக் கரைந்து உள்ளே இறங்கிவிடும். நான் வருவதற்குள் அண்ணனின் மனைவி ராஜாத்தி அக்கா, தீப்பட்ட தோஷம் கழியட்டும் என்று வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார். சும்மா தெளிக்கவில்லை, குடத்தோடு ஊற்றியிருந்தார். தோஷம் கழிந்ததா தெரியாது, சுவர் புலித்தோல் மாதிரி ஆகியிருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் சுகன்யாவைப் பெண் பார்க்க நெய்க்காரப்பட்டியிலிருந்து வருகிறார்கள். பெண் பார்க்க வரும் நேரத்தில் அடுப்படி பற்றிக்கொண்டது என்று தெரிந்தால் அபசகுனம், சம்பந்தம் நின்றுபோகும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். இதற்கு முன் வந்த ஒரு வரன், அவர்கள் படியேறும்போது காமாட்சி விளக்கு அணைந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிப் போயிருக்கிறது. ஆகவே தீப்பிடித்த சுவடே தெரியக் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. கழுவி, காயவிட்டு, நாற்றம் அடைக்கும் பிரைமர் அடித்து, அதன் மேல்தான் பெயின்ட் என்று விளக்கினேன். தங்கவேல் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மேலாப்புல நாலு நல்ல வெங்காயம் வச்சா மூட்டை வித்துப் போயிரும்ப்பா. சுவரும் அப்படித்தான். வெள்ளைய அடிச்சு விடு."

யாருக்கும் தெரியாத ரகசியம்

ரகசியம் காக்கும் பொறுப்பை அந்தக் குடும்பம் எப்படி நிறைவேற்றியது என்று சொல்ல வேண்டும். மறுநாள் காலையிலிருந்தே துக்கம் விசாரிப்பது போல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தவர் சிலர், ஆறுதலுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தவர் சிலர். வந்தவர் ஒவ்வொருவரும் தவறாமல் ஒரு காரியம் செய்தார்கள். நான் துடைத்து வைத்த சுவரில் ஒரு விரலால் இழுத்துப் பார்த்து, விரலை முகர்ந்து, "ஆமா, கரிதான்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு அந்த விரலை அடுத்த சுவரில் துடைத்தார்கள்.

அக்காவின் நாத்தனார் சின்னாளப்பட்டியிலிருந்து வந்து, பாதி காய்ந்த பிரைமர் மேல் சாய்ந்து உட்கார்ந்து, முதுகில் ஒரு ஜன்னல் அளவுக்கு வெள்ளையை வாங்கிக்கொண்டார். விஷயம் வெளியே போகக் கூடாதாமே அம்மா என்று மெல்லக் கேட்டேன். அவருக்கு என் மேல் வருத்தம்தான்.

"நான் போயி சொல்லுவனா அப்பு? எங்க தெருவுல ஒரு நாலு பேருக்கு மட்டும் தெரியும். அவுகளும் யாருகிட்டயும் சொல்ல மாட்டாக."

புகைக்குப் புகை

சுவரில் பிரைமர் வேலை முடிந்தது. இனி நாற்றம் போக வேண்டும். துணி, மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெளியே போட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். செத்த நேரம்தான். திரும்பி வந்தால் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, கதவிடுக்கில் புகை வருகிறது. மறுபடியும் பற்றிக்கொண்டதா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினால், நடு ஹாலில் ராஜாத்தி அக்கா தணல் தட்டோடு நின்று சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு ஒரு கிள்ளு போடுகிற அளவா? பொட்டலத்தையே கவிழ்த்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நாள் முழுக்கப் புகையை வெளியேற்றியவன் முன்னால் புகை போடுகிறீர்களே அக்கா என்றேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வது போல எனக்கு விளக்கினார்:

"இது நல்ல புகை தம்பி. உள்ள இருக்குற கெட்ட புகைய வெரட்டிட்டுத் தானும் போயிரும்."

மகள் கேட்டது

அந்த வீட்டில் என்னை மனிதனாக மதித்துப் பேசியது சுகன்யா ஒருத்திதான். காந்திகிராமத்தில் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறது. மாப்பிள்ளைப் பையனோடு போனில் பேசியிருக்கிறது, பிடித்திருக்கிறது. அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. பெற்றவர்கள் மட்டும் பெண்ணிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள், தீ விஷயத்தை மூச்சு விடக் கூடாது என்று.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கோட் அடிக்கும்போது டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நன்றாக வந்திருக்கிறதா என்று பெருமையாகக் கேட்டேன். பாராட்டுக்கு அலைகிற தொழில் நம்முடையது.

"நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா நாளைக்கு அவுகளுக்கு வேற யாரு மூலமாவது தெரிஞ்சுச்சுன்னா, தீப்பிடிச்சத விட மறைச்சதுதானே பெருசாப் போகும்?"

ஒருநாள் சித்தப்பா

ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்கு வரவில்லை, உறவுக்கு வந்தேன். எங்காவது கறை தெரிந்தால் சமாளிக்க ஆள் வேண்டும் என்று ராஜாத்தி அக்கா அழுத்திச் சொல்ல, எனக்குத் தங்கவேல் அண்ணனின் வேட்டியும் சட்டையும் மாட்டி, பெண்ணுக்குச் சித்தப்பா என்று உட்கார வைத்துவிட்டார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. பல சித்தப்பாக்களுக்கு இல்லாத தகுதி அது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்து, புதுசாப் பெயின்ட் அடிச்சீங்களாட்டங்க என்றதோடு சரி. வெயில் மட்டும் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா துண்டால் விசிறிக்கொண்டதைப் பார்த்ததும் தங்கவேல் அண்ணனுக்கு உபசார வெறி வந்துவிட்டது. ஏசி ரிமோட்டை எடுத்தார். மெக்கானிக் வராததால் அதன் உள்பக்கம் கழுவவே இல்லை, தொடாதீர்கள் என்று காலையில்தான் சொல்லியிருந்தேன். கண்ணால் சாடை காட்டினேன், தொண்டையைக் கனைத்தேன். என் தம்பிக்குக் கொஞ்சம் இருமல் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

கறுப்பாக ஒரு பொடி சரசரவென்று இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பாவுடைய வெள்ளை வேட்டி, பஜ்ஜித் தட்டு, கேசரி, ஒன்றையும் விடவில்லை. ராஜாத்தி அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அண்ணன், கொசுமருந்து என்று ஏதோ உளறினார். காப்பித் தட்டோடு நின்ற சுகன்யா அதைக் கீழே வைத்துவிட்டு, கரி என்று சொன்னது. போன வாரம் அடுப்படி பற்றிக்கொண்டது, ஊருக்குச் சொன்னபடி ஸ்விட்ச் எல்லாம் காரணம் இல்லை, ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்று உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது, அந்தச் சந்தோஷத்தில் அம்மா பேசிக்கொண்டே எண்ணெய்ச் சட்டியை மறந்துவிட்டார்கள், இதைச் சொல்லாமல் உங்கள் வீட்டுக்கு வர எனக்கு இஷ்டமில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒருநாள் சித்தப்பாவுக்கும் கொஞ்சம் பாசம் வரத்தான் செய்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா கேசரி மேல் கிடந்த கரியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு ராஜாத்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் போன் பண்ணுனதே நானுங்க. அடுப்புல வேலை இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க, நான்தான் விடாமப் பேசிட்டே இருந்தனுங்க. அப்பப் பாதிக் கரி எங்களுதுங்க."

கல்யாணப் பத்திரிகை எனக்கும் வந்தது. பிரித்தவுடன் மாப்பிள்ளை பெயரைக்கூடப் பார்க்காமல், ஹோமம் வளர்ப்பது வீட்டிலா மண்டபத்திலா என்று முதலில் தேடியவன் இந்தத் தொழில்காரனாகத்தான் இருக்க முடியும்.