பக்கத்து இருக்கை பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு. அது பெரும்பாலும் அலங்காரம். இன்னொன்று பக்கத்து இருக்கையில், 'பிரேக் அக்கா' என்று எல்லோரும் அழைக்கும் பயிற்சியாளரின் காலடியில். இந்த ஊரில் சில மதில்கள் இன்னும் நிமிர்ந்து நிற்பது அந்தக் காலின் கருணையால்தான்.

அக்காவின் திறமை மிதிப்பதில் இல்லை, மிதிக்காமல் இருப்பதில். "எலி ஓடினாலும் மிதிச்சா எப்பத்தான் வீடு போய்ச் சேருவீங்க?" என்பார். அவர் கணவரும் அவரிடம் ஓட்டப் படித்தவர்தான். லைசென்ஸ் கிடைக்கவில்லை, டீச்சரம்மா கிடைத்தார்.

அண்மையில் அக்காவின் மார்பில் ஒரு சின்னக் கட்டி. புற்றுநோய், ஆரம்ப நிலை. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். பார்த்த டாக்டரும் பழைய மாணவிதான்.

"வேற எங்கயும் பரவல அக்கா. ரேடியேஷனும் மாத்திரையும் கண்டிப்பா வேணும். கீமோ மட்டும் நீங்க முடிவு பண்ணலாம். உங்கள மாதிரி நூறு பேருக்குப் போட்டா ரெண்டு பேருக்குத்தான் கூடுதல் பலன்."

"மத்தவங்களுக்கு?"

"கஷ்டம்தான். முடி கொட்டும், வாந்தி வரும், சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். பெரும்பாலும் சரியாயிடும். சிலருக்கு ஆகாது."

முடிக்கும் வாந்திக்கும் அக்கா அசையவில்லை. பாதம் என்றதும் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

கீமோவுக்குத் தயங்கிய அக்காவுக்கு வீட்டில் கணவர் எதிர்க்கட்சி ஆனார். "அந்த ரெண்டு பேர்ல நீ ஒருத்தியா இருந்தா?"

"மரத்துப்போறவங்கள்ல நான் ஒருத்தியா இருந்தா? குறுக்க ஓடுற குழந்தைக்கு யாருங்க பதில் சொல்றது?"

"வேலைய விட்டுடு."

"விட்டுட்டு நாள் முழுக்க உங்களையே பாத்துக்கிட்டு உக்காரணுமா? அதுக்குக் கீமோவே தேவல."

கணவர் சிரிக்கவில்லை. "நீ இல்லாம எனக்கு ரோடு தாண்டக்கூடத் தெரியாதும்மா" என்றார்.

மறுநாள் வகுப்பில் அக்கா, வெறும் சாலையில் சடாரென்று பிரேக்கை மிதித்தார். ஓட்டிக்கொண்டிருந்த மாணவர் தன் தவறு என்று நினைத்து மன்னிப்பே கேட்டுவிட்டார்.

சில நாள் கழித்துக் கணவரோடு மீண்டும் டாக்டர் அறை.

"நீயா இருந்தா என்ன செய்வ?" என்று டாக்டரிடம் கேட்டார் அக்கா.

"நான் எலிக்கே மிதிக்கிறவ. என்னக் கேக்காதீங்க அக்கா."

"அப்போ கீமோ வேண்டாம். மத்ததுக்கெல்லாம் ஒழுங்கா வர்றேன்."

"சரி. ஆனா செக்கப்புக்கு வரலேன்னா வீட்டுக்கே வந்துடுவேன்."

"நீ கார் ஓட்டிக்கிட்டா? வேண்டாம் தாயே, நானே வந்துடறேன்."

திரும்பும்போது அக்காதான் சொந்தக் காரை ஓட்டினார். அதில் ஒரே பிரேக். பக்கத்தில் கணவர், ஒவ்வொரு வளைவிலும் காலடி விரிப்பை அழுத்தி மிதித்துக்கொண்டு வந்தார்.

'அங்க பிரேக் இல்லீங்க' என்று சொல்ல வாயெடுத்தார் அக்கா. சொல்லவில்லை. கணவர் கால் அழுந்தும்போதெல்லாம் தானும் பிரேக்கை மெல்லத் தொட்டார். எலிகூட ஓடாத சாலை. பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே திட்டித் தீர்த்தார்கள்.

வீட்டு வாசலில் கணவர் காலைத் தளர்த்திக்கொண்டு, "நல்லாத்தான் பிடிக்குது" என்றார்.

"பின்ன? நீங்க மிதிச்சா பிடிக்காதா?" என்றார் அக்கா.