காற்றுக்கு இரண்டு விடை

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில். புயல் காற்றைக் கணக்கிடும் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். ஆபத்தான காற்று, புயலின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை வீசும் என்பதை ஒரே வீச்சில் சொல்லும் சூத்திரம் எங்களிடம் இல்லை. புரோகிராம் ஒரு தூரத்தை ஊகிக்கும், சரிபார்க்கும், திருத்தும், மறுபடி ஊகிக்கும். விடை சிக்கும்வரை இதே பிழைப்பு. எனக்கு இந்தத் துரத்தல் மேல் பைத்தியம்.

அன்று புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. திருமழிசையில் தகரக் கொட்டகைகள் வைத்திருக்கும் கம்பெனி ஒன்று, இரவு ஷிஃப்ட் நடத்தலாமா என்று எங்களிடம் கேட்டிருந்தது. அந்த ஷிஃப்டில் என் வீட்டுக்காரரும் உண்டு.

பதினைந்து கிலோமீட்டர் என்றது புரோகிராம். அப்படியானால் திருமழிசைக்குப் பயமில்லை. மேனேஜர், "இதையே கம்பெனிக்கு அனுப்பிடலாம்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு பெரிய புயலுக்கு இத்துனூண்டு வட்டமா?

கிராஃப் போட்டுப் பார்த்தேன். புயலின் நடுவில் காற்று அடங்கியிருக்கும். வெளியே வரவர ஏறி, உச்சம் தொட்டு, பிறகுதான் இறங்கும். ஆக, ஆபத்து என்று நாங்கள் குறித்திருக்கும் அதே வேகம் ஏறும்போது ஒரு தடவை வரும், இறங்கும்போது ஒரு தடவை வரும். எங்களுக்கு வேண்டியது வெளியே இருக்கும் இரண்டாவது. புரோகிராமோ மையத்துக்குப் பக்கத்திலேயே ஊகிக்கத் தொடங்கி, முதலாவதைப் பிடித்துக்கொண்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டது.

"மாட்டிக்கிச்சு!" என்று கத்தியேவிட்டேன்.

பக்கத்து சீட்டுத் தோழி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "இன்னாடி, ஒரே காத்துக்கு ரெண்டு விடையா கீது?"

தேடலை உச்சத்துக்கு வெளியே தொடங்க வைத்தேன். அதன் பிறகு பேரம் பேசுவதுபோலத்தான். ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு, நடுவில் வெட்டு, திரும்பவும் நடுவில் வெட்டு. இருவரும் கண் இமைக்காமல் திரையைப் பார்த்தோம். எண்கள் நெருங்கின, இன்னும் நெருங்கின, நின்றன. நூறு கிலோமீட்டருக்கும் மேல்! திருமழிசை அப்பட்டமாக உள்ளே இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உடனே கம்பெனிக்குப் போன் போட்டார்.

சாயங்காலம் நெமிலிச்சேரியில் ரயிலை விட்டு இறங்கும்போது வீட்டுக்காரர் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு எரிச்சல்.

"பஸ்ல வந்துகினு கீறேன்மே. ஷிஃப்ட் கேன்சல். எவனோ கம்ப்யூட்டர் முன்னால குந்திகினு காத்து வரும்னு சொல்லிட்டானாம். அவன் மட்டும் என் கைல கெடைச்சான்..."

"எவனோ இல்ல, நான்தான். ஊட்டுக்கு வாய்யா, கெடைப்பேன்."