தம்பி கையெழுத்துப் போட்ட பக்கம்

நூலகர் வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஓசியில் கதை படிக்கிற வேலை என்று என் மாமியார் உட்படப் பலரும் நினைக்கிறார்கள். என்னைப் போல் இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும், தூசியும் தும்மலும் போக மிச்ச நேரமெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கதையைக் கேட்பதிலேயே போய்விடும் என்று. காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கிளை நூலகம். அங்கே கேட்டவை இவை.

பென்சில் நீதிபதிகள்

எங்களிடம் ஒரு பழைய நாவல் இருக்கிறது. என் அப்பா பிறப்பதற்கு முன்பே வந்தது. மூன்று முறை பைண்டு செய்தாகிவிட்டது. ஒரு ஜமீன்தார் ஏழைக் குடியானவன் ஒருவனின் நிலத்தைப் பிடுங்கிக்கொள்கிறார். அண்ணன் மனசார எழுதிக்கொடுத்தான் என்று அவனுடைய சொந்தத் தம்பியையே சாட்சிக் கையெழுத்துப் போட வைக்கிறார்.

அந்தப் பக்கத்தின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. துரோகி, பாவி, இவனெல்லாம் சோறுதான் தின்கிறானா என்று ஆளுக்கொரு தீர்ப்பு. ரப்பரும் கையுமாக நான் அதை அழித்துக்கொண்டிருந்தபோது, தினமும் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "உடும்மா, நாலு பேரு திட்னாதான் அவனுக்குப் புத்தி வரும்."

தடியான புத்தகம்

எங்கள் நூலகத்துக்கு வாரப் பத்திரிகை படிக்க வரும் கலாவதியின் கணவர் ஏழுமலை, ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். மெஷின் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டது. வீட்டில் சும்மா கிடப்பவருக்குப் பொழுது போக வேண்டும், தடியாக ஒரு புத்தகம் கொடுங்கள் என்று கலாவதி கேட்டாள். நானும் பெருமையாக அந்த நாவலை எடுத்துக் கொடுத்தேன்.

அவருடைய தம்பி பாஸ்கர் அதே கம்பெனியில் சூப்பர்வைசர் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். மெஷினில் பாதுகாப்புத் தடுப்பு இருந்தது, அண்ணன்தான் அதைக் கழற்றினான் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி பாஸ்கரைக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். அவன் போட்டால் ஏழுமலை போட்டிருக்கும் நஷ்டஈட்டு வழக்கு அவ்வளவுதான். இதெல்லாம் நாலே நாளில் கலாவதி புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. முழுசாகப் படித்தாரா என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "தம்பி கையெழுத்து போட்ற எடம் வந்துச்சிக்கா, அதோட மூடி வெச்சிட்டாரு."

சிரித்துக்கொண்டே கேட்டது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்கரே வந்தான். அண்ணன் படித்த புத்தகம் வேண்டும் என்றான். வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்கப் படித்தான். மூடும் நேரத்தில் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, இந்தக் கதையில் ஜமீன்தார் ஒரு தடவைகூடத் தம்பி வீட்டுக்கு வரவில்லையே, கவனித்தீர்களா என்றான்.

நான் கவனித்ததில்லை. நூலகர் கேட்கக்கூடாத கேள்விதான், இருந்தாலும் கேட்டுவிட்டேன்: உன்னை யாராவது மிரட்டினார்களா? தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "யாரும் மெரட்டல மேடம். பாப்பா எந்த ஸ்கூலு, வேன்ல போவுதா நடந்து போவுதான்னு மேனேஜர் கேட்டாரு. சிரிச்சிக்கினேதான் கேட்டாரு."

இடது கை

இரண்டு மாதம் கழித்து ஏழுமலையே வந்தார். வருகைப் பதிவேட்டில் இடது கையால் பெயரெழுத அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பாஸ்கர் கையெழுத்துப் போட்டுவிட்டான். வழக்கு இனி நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். வீட்டுக்கு நடுவே பலகை அடித்தாகிவிட்டது. பெரியப்பா பெரியப்பா என்று மடியில் ஏறும் பாப்பாவை இந்தப் பக்கம் விடுவதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கூடப்பிறந்தவன் இப்படியும் செய்வானா என்று கேட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் தம்பி தன்னிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதான் என்றார். அப்புறம் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்னைக் கூப்ட்டு என் புள்ளையப் பத்தி அப்பிடி கேட்டிருந்தா நானும் போட்டிருப்பேன் மேடம். இத்த ஊட்ல சொல்ல முடியல."

அவர் போனபின், ஜமீன்தார் ஒரு தடவைகூடத் தம்பி வீட்டுக்கு வராத அந்த நாவலை எடுத்துப்போய், 'கற்பனைக் கதைகள்' என்று நானே என் கையால் எழுதி ஒட்டிய அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.