தனம் டீச்சரும் முளைக்காத மொச்சையும்

தனம் போய்விட்டாள்.

நேற்று காலை, செங்கல்பட்டில், அவள் வீட்டிலேயே. காபி கேட்டிருக்கிறாள். கலந்து கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்...

இங்கே பலருக்கு அவளைத் தெரியாது. தனலட்சுமி டீச்சர். எழுபதுகளில் மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்து ஆரம்பப் பள்ளியில் அவளும் நானும்தான் மொத்த ஸ்டாஃப்.

ஒரே ஹால். அந்தக் கோடியில் அவளுடைய நாலாவது, ஐந்தாவது. இந்தக் கோடியில் என் மூன்று வகுப்புகள். நடுவில் ஒரு தட்டிகூடக் கிடையாது.

என்னைவிடப் பெரியவள்தான். ஆனால் அக்கா என்று கூப்பிட்டால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வாடி போடிதான்.

சயின்ஸ் என்றால் அவளுக்குப் பைத்தியம். பள்ளியில் ஒரு லென்ஸ்கூட இல்லை. அதனால் என்ன, எதிரே கடல் இருக்கிறதே என்பாள்.

ஒரு தடவை, மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று பாடம். யாராவது ஒருத்தர் ஒரு மீன் கொண்டுவாங்க என்று சொல்லியிருந்தாள். மறுநாள் மொத்தக் கிளாஸும் மீனோடு வந்து நிற்கிறது! நெத்திலி, சங்கரா... ஒருவன் திருக்கையை வாலோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

தனம் சுத்த சைவம். அதுவரை மீனைத் தொட்டதே இல்லை. முகத்தைச் சுளிக்காமல் செவுளைத் தூக்கிக் காட்டினாள், இரண்டு விரல் நுனியால்தான். "டீச்சருக்கு பயமா கீதுடா" என்று ஒரு பயல் சொல்ல, முதலில் சிரித்தவளே அவள்தான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்காரவில்லை.

சரி, சொல்ல வந்தது வேறு...

எனக்கு அப்போது டெம்பரரி போஸ்ட். அப்பா படுத்த படுக்கை. தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் திருப்தி என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தனத்துக்கும் அந்த இன்ஸ்பெக்ஷன் முக்கியம். அவள் பையன் செங்கல்பட்டில் மாமியாரிடம் வளர்ந்துகொண்டிருந்தான், குட்டிப் பயல். காலையில் அவன் எழுவதற்கு முன்னால் கிளம்பினால், அவன் தூங்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஊரிலேயே டிரான்ஸ்பர் கேட்டிருந்தாள். அதற்கும் அதே இன்ஸ்பெக்டர்தான் சிபாரிசு செய்ய வேண்டும்.

என் மூன்றாம் வகுப்புக்கு, விதை முளைப்பது பாடம். கொட்டாங்குச்சிகளில் மண் போட்டு மொச்சை ஊன்றி, ஜன்னலோரம் வைத்தேன். தண்ணீர் ஊற்றுவது அஞ்சலையின் பொறுப்பு. கெட்டிக்காரப் பெண்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஒரு விதைகூட முளைக்கவில்லை. அவரே ஒன்றைக் கிளறி எடுத்தார். அழுகிப் போயிருந்தது. தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டார்.

அஞ்சலை பெருமையாக எழுந்து நின்றாள். "தெனம் ஊத்துறேன் சார். கடல்ல மொண்டாந்து."

ஏன் கடல் தண்ணீர் என்றார்.

"நல்ல தண்ணிய யாருனா மண்ணுல ஊத்துவாங்களா சார்?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் குப்பத்துக்கு சவுக்குத் தோப்பு தாண்டி ஒரே ஒரு கிணறு. அந்தத் தண்ணீர் குடிக்க, சமைக்க மட்டும்தான். பாத்திரம் தேய்ப்பதுகூடக் கடல் தண்ணீரில். எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இது யார் கிளாஸ் என்று கேட்டார்.

என் கிளாஸ்தான் என்று சொல்ல வாயைத் திறக்கப் போனேன், தனம் என் காலை மிதித்தாள். நிஜமாகவே, செருப்புக் காலால்.

"எல்லா கிளாஸுக்கும் சயின்ஸ் நான்தான் சார் எடுக்கறேன்."

குழந்தைகள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

அவர் என்னைக் கணக்கு நடத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, திருப்தி என்று எழுதினார். தனத்தைப் பற்றி எழுதியது வேறு.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது அழுதேன். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று சண்டை போட்டேன்.

"உனுக்கு வேலை போனா சோறு போச்சு. எனக்கு இன்னாடி, இன்னும் கொஞ்ச நாள் பஸ்ல வருவேன். வாயை மூடிகினு நட."

மறுநாள் வந்ததும் அவள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? புதிதாக இரண்டு வரிசை மொச்சை ஊன்ற வைத்தாள். ஒன்றுக்கு அஞ்சலை கொண்டுவரும் கடல் தண்ணீர். இன்னொன்றுக்கு, தான் குடிக்க வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவந்த தண்ணீர்.

ஒரு வரிசை முளைத்தது. அஞ்சலை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, உப்புக் கரிப்பது மொச்சைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். தனத்துக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல். பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட அந்தக் கேள்வியைச் சொன்னாள்.

டிரான்ஸ்பர் வரவில்லை. பையனை முதல் நாள் ஸ்கூலில் கொண்டுபோய் விட்டதுகூட அவள் மாமியார்தான். அதைச் சொன்னபோது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்...

இன்று கூடுவாஞ்சேரியிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பையனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். கையைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக...

"அம்மா எப்பவும் சொல்லும் சித்தி. அது விதைக்கு எந்தத் தண்ணின்னு சொல்ல மறந்துடுச்சாம். அதான் டிரான்ஸ்பர் போச்சாம். சின்ன வயசுல எனக்கு அம்மா மேல அவ்ளோ கோவம்."

பெற்ற பிள்ளையிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, பாவி. அத்தனை வருஷமும் அவன் கோபத்தைத் தானே வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

மறந்தது யார் என்று அவனிடம் சொல்லிவிட்டேன் தனம்... உன் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

போய் வாடி.