இரட்டைப் பின்னல்

மட்டாஞ்சேரியில் எங்கள் பாத்திரக்கடை அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எல்லா அளவிலும் மூடி விற்கிற எனக்கும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் நானும் அவளும் ஒரே வீட்டில் வாழ்ந்த ஆறு வருடமும் தெரு பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் தோப்பும்படியில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். முதல் கணவர் வளைகுடாவில் இருந்தார். விவாகரத்து வழக்குக்கு அவர் வராமல் வராமல் இழுத்து, ஒருவழியாகத் தீர்ப்பு வந்தபோது எங்கள் கல்யாணம் 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிற வேலைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது. அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. என்னிடம் வந்தபோது அவள் மகளுக்கு நாலு வயது. என்னை மாமா என்பாள் சின்னவள்.

அம்மாக்காரி விடியும் முன்பே வேலைக்கு பஸ் ஏறிவிடுவாள். பள்ளியிலோ ரிப்பன் வைத்த இரட்டைப் பின்னல் கட்டாயம். ஆகவே சின்னவளின் தலை என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. பெரிய அண்டாவின் காதில் சணலை மூன்று புரியாகக் கட்டி, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் பின்னிப் பழகினேன். "அண்டாவுக்கு இன்னிக்கு ஸ்கூல் உண்டோ?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டுவிட்டுப் போவார். எத்தனை பழகியும் ஒரு நாளாவது இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில் அமைந்ததில்லை. இடது பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். சின்னவள் குறை சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் பிரிந்தோம். பெரிய காரணம் ஒன்றுமில்லை. எனக்கு வாய் நீளம், அவளுக்கு மௌனம் நீளம். இரண்டும் ஒரு வீட்டில் கொள்ளவில்லை. மகளோடு தோப்பும்படியில் அக்கா வீட்டுக்குப் போனாள், வேலையையும் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் போனதை ஒருமாதிரி தாங்கிக்கொண்டேன். சின்னவள் இல்லாத காலைகளைத் தாங்க முடியவில்லை. ஏழு மணிக்குக் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடியது.

எர்ணாகுளத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். காலம் மாறியிருக்கிறது என்றார். தாலி இல்லாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு என்று விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கும் தைரியம் வந்தது. பிறகு என் விஷயத்துக்கு வந்தார்.

"சேட்டா, குட்டி உங்களுக்குப் பிறந்ததில்ல. தத்தும் எடுக்கல. அம்மையும் அச்சனும் இருக்காங்க. குட்டியப் பார்க்க அனுமதி கேட்டு நீங்க மனு போட்டா, குழந்தையோட நண்பர்னுதான் போடணும். கோர்ட் ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம்."

நண்பராம். பேன் பார்த்தவன், காய்ச்சலில் வாந்தி அள்ளியவன் நான்; பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவனைப் போல நண்பர். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அவ எதிர்த்தா?"

"ஜட்ஜ் குட்டிய தனியா கூப்பிட்டுக் கேக்கலாம்."

மாமா வேண்டும் என்று அம்மாவுக்கு எதிராக அந்தக் குழந்தையைச் சொல்ல வைப்பதா? மனசு கேட்கவில்லை. ஆனால் சின்னவளைப் பார்க்க வேறு வழியும் தெரியவில்லை. மனுவைத் தயார் செய்யுங்கள், திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சின்னவள் யூனிஃபார்மில் இறங்கினாள். தலை விரிந்து கிடந்தது. கையில் ரிப்பனும் சீப்பும். பின்னால் அம்மா.

"ஒரே கரச்சில்," என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல். "நான் கெட்டினா ரெண்டும் சமமா இருக்குதாம். அது நம்ம வீட்டுப் பின்னல் இல்லையாம். அழுது அவுத்துப் போடறா. எத்தன நாளைக்குத்தான் நானும் பொறுப்பேன்?"

அண்டாவைக் கவிழ்த்து சின்னவளை அதில் உட்கார வைத்தேன். வகிடு இரண்டு தடவை கோணிப்போய் மறுபடி எடுத்தேன். அவள் அம்மா திரும்பி நின்று, வாங்க வந்தவள்போல டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் சின்னவள் ஒரு தட்டை எடுத்து முகம் பார்த்தாள். இடது பின்னலைத் தொட்டாள். வலதைத் தொட்டாள்.

"ஆங், இப்ப சரி."

பள்ளிக்கு நேரமாகியிருந்தது. சீப்பை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனவளை அம்மா தடுத்தாள்.

"அது இங்கயே இருக்கட்டும். தெனமும் சுமந்துட்டு வரணுமா?"

ஆட்டோ போனபின் சீப்பைத் துடைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மதியம் வக்கீலம்மா போனில் கூப்பிட்டார்.

"சேட்டா, ஒப்பு போட வரலையா?"

"மனு வேண்டாம் மேடம்."

"ஏன், அவங்க சம்மதம் எழுதித் தந்தாங்களா?"

"இல்ல," என்றேன். "சீப்ப விட்டுட்டுப் போயிருக்காங்க."