அரைமணிக்காரர்

என் வலது கன்னம் மழித்தாகிவிட்டது. இடது கன்னத்தில் நுரை அப்படியே இருக்கிறது. கத்தியை மடக்கி வைத்துவிட்டு, “ரெண்டே நிமிஷம் சார், ஓரம் கட்டியிருக்கும்” என்று மாடிப்படி ஏறிவிட்டார் சலூன்காரர். சுவர்க்கடிகாரத்தில் பத்தரை. பத்து மணிக்கும் இப்படித்தான் போனார். அப்போது நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு பக்கம்தான் கிருதா இருந்தது. தெருவில் இவருக்கு ‘அரைமணி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவசரக்காரர்கள் அடுத்த தெரு சலூனுக்கு மாறிவிட்டார்கள். மற்றவர்கள் அரை முகத்தோடு பேப்பர் படிக்கப் பழகிக்கொண்டோம்.

மாடியில் நடப்பது ஐஸ்கிரீம் கிளறும் வேலை. அவர் மனைவிக்குத் தொண்டையில் கட்டி வந்து, போன வருடம் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு ‘கரண்ட்’ வைத்தார்கள். கட்டி கரைந்தது. கூடவே நாக்கின் ருசியும் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. பால் சேர்ந்த எதைக் கொடுத்தாலும் கோழை கட்டியது. குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தால் மட்டும் நாலு வாய் உள்ளே போயிற்று. அதனால் பால் சேர்க்காமல் பழத்திலேயே செய்யக் கற்றுக்கொண்டார்.

“மிஷினெல்லாம் எதுக்கு சார்? பழம் இருக்கு, முள்கரண்டி இருக்கு, கை இருக்கு” என்பார். தோல் கறுத்த வாழைப்பழத்தையும் கனிந்த மாம்பழத்தையும் மசித்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, அகலமான சம்படத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பார். “மொதல்ல ஓரம்தான் ஒறையும். அதைச் சொரண்டி நடுவுல தள்ளணும். அரைமணிக்கு ஒரு தடவைன்னு அஞ்சு தடவை. விட்டா பாறாங்கல்லு, அவ தொண்டை தாங்காது.” இனிப்புக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். “நம்ம நாக்குக்குச் சரியா இருந்தா பத்தாது சார். குளிர்ந்தா இனிப்பு மங்கிரும்.” ஐம்பத்தெட்டு வயதுவரை வெந்நீர்கூடப் போட்டறியாத மனிதர் என்று அந்த அம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நாலு மாதத்துக்கு முன் ஒருநாள் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். “ருசி வந்துருச்சாம் சார்! கண்ண மூடிக்கிட்டு மாம்பழம்னு சொல்லிட்டா!” அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் கிடைத்தது. தினமும் சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா இனிப்புக்கு மார்க் போடுவாராம். இன்று சரி, இன்று மட்டு, இன்று தூக்கல். அதைக் கேட்டபிறகுதான் இவருக்கே சோறு இறங்கும்.

போன மாதம் ஒரு கல்யாண மாப்பிள்ளையை நுரையோடு உட்கார வைத்துவிட்டு அவசரமாக மேலே போனவர், கை மாறி, உப்பில் இரண்டு ஸ்பூனும் சர்க்கரையில் ஒரு சிட்டிகையும் போட்டுவிட்டார். அன்று அது உறையவே இல்லை. ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொண்டே கூழாகவே கொடுத்தார். அந்த அம்மா ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, “இனிப்பு இன்னிக்குத்தாங்க கச்சிதம்” என்றாராம். சம்படத்தைக் கழுவப் போனவர் ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்திருக்கிறார்.

வழக்கமாகக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். இதைச் சொன்ன அன்று அங்கேயும் பார்க்கவில்லை.

“என்னால முழுங்க முடியல சார், துப்பிட்டேன். அவ பூராத்தையும் குடிச்சிருக்கா.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“என்னன்னு கேக்கறது? வாசனைய வச்சு மாம்பழம்னு சொல்லியிருக்கா. மூணு மாசமா எனக்காகத்தான சொல்லிட்டிருக்கா.”

குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பவன் நான். அன்று வீட்டில் போட்டதை வாய் திறக்காமல் சாப்பிட்டேன். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுபடி கை மாறிவிடக் கூடாதென்று அன்றே அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடி ஓரத்தில் செருகினார். பழம் நாலு, சர்க்கரை இரண்டு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. காலையில் பழம் மசிக்க மேலே போகுமுன் மந்திரம் போல ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார்.

இதோ இறங்கி வருகிறார். ஃப்ரீசர் குளிரோடு அவர் விரல் என் கன்னத்தில் படுகிறது. காய்ந்துபோன நுரையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கத்தி காதோரம் வந்தபோது மாடியிலிருந்து அந்த அம்மாவின் கம்மிய குரல் கேட்டது.

“என்னங்க, நேத்து மிச்சத்த இப்பத்தான் சாப்பிட்டேன். சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு!”

“அப்படியா? நாளைக்கு அரை ஸ்பூன் கொறைச்சுடறேம்மா!” என்றார், மாடிக்குக் கேட்கும்படி உரக்க.

பிறகு கத்தியைக் கீழே வைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் காகிதத்தில் ‘இரண்டு’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘ஒன்றரை’ என்று எழுதினார்.