பாய்லர் முன்னால் ஓர் அப்பளம்

அரியலூர்ப் பக்கம் ஒரு மின்நிலையத்தில், பாய்லர் தீ வீசும் கதிர்வெப்பத்தை அளக்கப் போயிருந்தேன். அங்கே ஓர் ஆபரேட்டர். புருவம் பாதி கருகியிருக்கும். மதியத் தயிர்சோற்றுக்கென்று சட்டைப்பையில் எப்போதும் அப்பளம் வைத்திருப்பார்.

அன்று நிலக்கரியோடு ஆண்டிமடத்திலிருந்து நனைந்து வந்த முந்திரி ஓட்டைக் கலந்தார்கள். மீட்டரில் வெப்பம் சரசரவென இறங்கியது. மீட்டர்தான் கெட்டுவிட்டதென்று அதைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அவர் பார்வைத் துளையைத் திறந்து, தீயில் படாமல் இடுக்கியில் அப்பளத்தைக் காட்டி எண்ணினார்.

"தெனம் அஞ்சு எண்றதுக்குள்ள உப்பிடும். இன்னிக்கு எட்டாயிடுச்சு. ஒங்க மீட்டரு சரியாத்தாங்க சார் சொல்லுது!"

நான் துள்ளிக் குதிக்காததுதான் குறை. அந்தச் சாட்சியை அறிக்கையோடு இணைக்க எனக்கு ஆசைதான். ஆனால், அங்கேயே ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டோம்.